ரவிக்கு நினைவில்லாத உதை

பள்ளிகளில் ரக்பி கற்றுத்தரும் இளம் பயிற்றுநர்கள் சிலர் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் இப்படி யாராவது கூப்பிட்டால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பேச்சு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பயிற்றுநர் பக்கத்தில் வந்தார். "சார், இப்பல்லாம் தலையில அடிபட்டா உடனே வெளிய கூப்பிட்டு செக் பண்றோம். உங்க காலத்துல எப்படி?" என்று கேட்டார்.

ஒரு வரியில் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். அது முழுப் பதில் இல்லை. முழுப் பதிலைச் சொல்லப்போனால் நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதைத் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டு சொல்ல முடியாது.

ரக்பியை நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் கற்றுக்கொண்டேன். முதல்முறை பந்தை வீட்டுக்கு எடுத்துப்போனபோது அதன் வடிவத்தைப் பார்த்த அப்பா, காற்று சரியாக அடிக்கவில்லை, மாற்றி வாங்கு என்றார். தேக்கா பக்கத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர் அவர். கடைசிவரை இந்த ஆட்டம் அவருக்குப் புரியவில்லை. பள்ளிக்குப் பிறகு, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையிலும் ஆடினேன். அதை முடித்து வெளியே வந்ததும் ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பெயருக்கு ஸ்டோர் கிளார்க். நேர்முகத் தேர்வில் என் சான்றிதழ்களை யாரும் அதிகம் புரட்டவில்லை. எந்த இடத்தில் ஆடுவாய் என்றுதான் கேட்டார்கள்.

எழுபதுகளில் ரக்பி ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது. வாங்கினால் ஆயுளுக்கும் விலக்கிவிடுவார்கள். ஆனால் ரக்பி ஆடுபவனுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. காலையில் போல்ட்டும் நட்டும் பெயிண்ட் டின்னும் எடுத்துக் கொடுப்பேன். பிற்பகலில் தளத்து லாரியில் ஏறித் திடலுக்குப் போவேன். ஆட்டம் நன்றாக இருந்தால் வேலையும் நன்றாக இருக்கும். இப்போதைய பிள்ளைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஆடுகிறார்கள். நாங்கள் கையெழுத்துப் போடாமல் அதே வாழ்க்கையை வாழ்ந்தோம்.

எங்கள் பயிற்றுநர் மிஸ்டர் ஒலிவேரா ஐரோப்பியக் கலப்புள்ள ஒரு யுரேஷியர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். திடலின் அந்தப் பக்கம் நிற்பவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தாமல் அவ்வளவு தூரமும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு நடந்தே திரும்புவார். ஆடப்போகும் அணியை அறிவிப்பதற்கும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். பலகையில் பெயர் எழுதமாட்டார், வாசிக்கவும் மாட்டார். ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில் நாங்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவரே வீட்டில் துவைத்து, காலர் மேலே தெரிய மடித்த சட்டைகளைக் கொண்டுவந்து அடுக்குவார். பதினைந்தாம் எண்ணிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக எடுத்து, உரியவன் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் கொடுப்பார். கொடுக்கும்போது அவனுக்கென்று ஒரு வாக்கியம் சொல்வார். "இன்றைக்கு ஓரத்தில் ஓடும் அவர்கள் விங்கருக்கு வலது முழங்காலில் வலி, உள்பக்கமாகத் திருப்பு" என்பதுபோல ஏதாவது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நாங்கள் வாரம் முழுக்கக் காத்திருப்போம்.

நான் ஆடியது பத்தாம் எண். இரண்டு அணியின் முன்வரிசைகளும் தோள் கோர்த்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலிருந்து வெளியே வரும் பந்து முதலில் அவன் கைக்கு வரும். உதைப்பதா, ஓடுவதா, அடுத்தவனுக்குக் கொடுப்பதா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற பதினான்கு பேரும் அவன் முடிவுக்குப் பின்னால் ஓடுவார்கள். முழுதாக ஒரு பருவம் அந்தச் சட்டை என்னுடையதாக இருந்தது.

பிறகு ரவீந்திரன் வந்தான்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிளமெண்டியில் புது வீடு. ரவி பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு எங்கள் தளத்தின் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தான். அங்கே ஏர்கான் உண்டு. என் ஸ்டோரில் தகரக் கூரைதான். அவன் பேசும் ஆங்கிலம் நேராக மானேஜரோடு உட்கார்ந்து பேசும் ஆங்கிலம். என்னோடும் ஆங்கிலத்தில்தான் பேசுவான். அணியில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே, இருந்தும் திடலில் எங்களுக்குள் தமிழ் வந்ததில்லை.

அவன் ஆடுவதை முதல்முதலாகப் பயிற்சியில் பார்த்தபோதே என் சட்டை போய்விடும் என்று புரிந்துவிட்டது. அவன் வேகமானவன் இல்லை, பலசாலியும் இல்லை. ஆனால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே அதை என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பந்து வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மிஸ்டர் ஒலிவேரா பதினொன்றாம் சட்டையைக் கொடுத்துவிட்டுப் பத்தாம் சட்டையை எடுத்தார். என் பக்கமாக நடந்து வந்தார். நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய், எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ரவியின் முன்னால் நின்றார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு கடைசியாக என்னிடம் வந்தார். "சேவியர், தயாராக இரு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த வாக்கியம்தான். மற்றவர்களுக்கு வாரம் ஒரு புது வாக்கியம், எனக்கு மட்டும் எப்போதும் இதே.

மாற்று ஆட்டக்காரன் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. இப்போது பாதி ஆட்டத்தில் களைத்தவனை எடுத்துவிட்டுப் புதியவனை விடுகிறார்கள். அப்போது ஒருவன் காயம்பட்டு, இனி ஆட முடியாது என்று ஆனால் ஒழிய மாற்று ஆளை விட முடியாது. வெளியே போனவன் திரும்பி வரவும் முடியாது. ஆக, நான் ஆட வேண்டுமென்றால் ரவிக்கு அடிபட வேண்டும். வேறு வழியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயில் பூசையில் முழங்காலில் இருக்கும்போது நான் எதைக் கேட்பது? யாருக்கும் தீங்கு வராமல் எனக்கு அந்தச் சட்டை கிடைக்கும்படி செய்ய ஆண்டவரால்கூட முடியாது. அதனால் எதையும் கேட்காமலே எழுந்து வருவேன். ஆனால் ஆட்டத்தில் அவன் கீழே விழும்போதெல்லாம் என் கை தானாகப் பூட்ஸ் கயிற்றுக்குப் போய்விடும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம்தான் வருவான். எங்கே தப்பு செய்தேன், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பான். அவன் அப்படிக் கேட்கும்போது எனக்கு இன்னும் எரியும்.

பிற்பாடு என் மனைவியான தெரசா அப்போது எங்கள் பங்கில் பாடற்குழுவில் இருந்தார். ஒருநாள் தன் தங்கையோடு பாடாங் திடலுக்கு ஆட்டம் பார்க்க வந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். நான் திடலின் ஓர வரிக்கோட்டுக்கு வெளியே தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்து டோபி காட் பக்கம் பஸ்ஸுக்கு நடக்கும்போது, "அந்தப் பத்தாம் நம்பர் யாரு? டான்ஸ் ஆடுற மாதிரி ஓடுறாரு லா" என்றார். எங்க ஆபீஸ் பையன் என்றேன்.

ரவியிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்று தேடினேன். அவனுக்கு இடது கால் நிற்பதற்கு மட்டும்தான். எல்லா உதையும் வலது காலில்தான். நான் இடது காலைப் பழக்கத் தொடங்கினேன். வேலை முடிந்த மாலைகளில் பேரர் பார்க் திடலில் தனியாக நின்று டிராப் கிக் அடிப்பேன். பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையைத் தொட்டு எழும் அந்த நொடியில் கால் அதைச் சந்திக்க வேண்டும். கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் மூன்று புள்ளி. இடது கால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்து புதிதாக முளைத்தது. மெல்ல மெல்லப் பந்து நேராகப் போக ஆரம்பித்தது.

ஒரு மாலை திரும்பிப் பார்த்தால் ரவி நிற்கிறான். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை. அம்மாவுக்குச் சாமான் வாங்கச் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தவன் திடல் பக்கமாக நடந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை. இடது காலில் எதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறாய், அதற்கு அவசியமே வராது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகும் இரண்டொரு முறை அவன் அந்தப் பக்கம் நின்றதைப் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அணி முதல்முறையாக ஒரு பெரிய போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. பாடாங்கில், வெளிநாட்டவர் அணி ஒன்றை எதிர்த்து. அந்த வருடம் வெளிநாடு போக இருந்த நாட்டு அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். பத்தாம் எண்ணுக்கு ஓர் ஆளைத் தேடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மிஸ்டர் ஒலிவேரா ரவிக்குச் சட்டையைக் கொடுத்து, "இன்றைக்கு என்னைப் பார்க்காதே, உனக்குத் தோன்றியதைச் செய்" என்றார். அவர் யாருக்கும் சொல்லிக் கேட்டிராத வாக்கியம் அது. எனக்கு, "சேவியர், தயாராக இரு."

முதல் பாதியில் மழை தூறிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் உருண்டு வந்த பந்தின் மேல் ரவி விழுந்தான். எதிரணியில் ஒருவன் அதே பந்துக்கு ஓடிவந்தான். அவனுடைய முழங்கால் ரவியின் நெற்றிப் பொட்டில் பட்டது. சத்தம் வரிக்கோடு வரை கேட்டது. என் கை கயிற்றுக்குப் போனது. ஆனால் ரவி எழுந்துவிட்டான். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தான். கூட்டம் கைதட்டியது.

அந்தக் காலத்தில் இடைவேளைக்கு யாரும் அறைக்குப் போக மாட்டார்கள். திடலின் நடுவிலேயே நிற்பார்கள். பயிற்றுநர் கோட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. மாற்று ஆட்டக்காரன்தான் தண்ணீரும் வெட்டிய ஆரஞ்சும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். ரவி கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றான். ஆரஞ்சுத் துண்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"சேவியர், இண்டைக்கு ஆரோட விளையாட்டு?" என்று கேட்டான்.

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவன் தமிழில் கேட்டது உறைத்தது. அதுவும் அவன் வீட்டுத் தமிழ். அத்தனை வருடங்களில் அந்தத் தமிழை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"என்ன ரவி, விளையாடுறியா? ஸ்கோர் என்ன, சொல்லு" என்றேன்.

அறிமுகமில்லாதவரைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா சாப்பாட்டோட பாத்துக்கொண்டிருப்பா. நான் வெளிக்கிடட்டோ?" என்றான். வீட்டுக்குக் கிளம்பட்டுமா என்று என்னிடம் கேட்கிறான்.

எங்கள் கேப்டனிடம் சொன்னேன். அவர் சீனர், அவருக்கு ரவி சொன்னது ஒரு வார்த்தையும் புரியாது. அவர் ரவியைப் பார்த்தார். ரவி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கேப்டன் என்னைப் பார்த்த பார்வையில், நீ எதற்கு இதைச் சொல்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாதா என்பது இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போ என்றார்.

வரிக்கோட்டுக்கு ஓடினேன். ரவிக்குத் தலை சரியில்லை, யாரோடு ஆடுகிறோம் என்றே தெரியவில்லை, தமிழில் பேசுகிறான் என்று மிஸ்டர் ஒலிவேராவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் ரவியைக் கோட்டருகே கூப்பிட்டு ஆங்கிலத்தில் விசாரித்தார். நன்றாக இருக்கிறாயா? இருக்கிறேன் சார். எங்கே நிற்கிறோம்? பாடாங் சார். இரண்டுக்கும் சுத்தமான ஆங்கிலத்தில் உடனே பதில் வந்தது. பள்ளியில் ஆசிரியர் கேட்டால் எழுந்து நின்று சொல்லும் பழக்கம் அது, யோசிக்கவே வேண்டாம். பாடாங் என்பதும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ரவி திரும்பி நடந்தான்.

மிஸ்டர் ஒலிவேரா என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. வழக்கத்தைவிட மெல்லிய குரலில், "சேவியர், அந்தச் சட்டை உனக்கு அவ்வளவு வேண்டுமா?" என்று கேட்டார்.

அந்தச் சட்டை எனக்கு அவ்வளவு வேண்டும் என்பது உண்மை. ரவிக்குத் தலை சரியில்லை என்பதும் உண்மை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்து நீட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "வேணும் சார். ஆனா போன ஆட்டத்துல யாரு ஜெயிச்சாங்கன்னு அவன்கிட்ட கேளுங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குள் நடுவர் ஊதிவிட்டார்.

இரண்டாம் பாதி முழுக்க நான் பந்தைப் பார்க்கவே இல்லை. ரவியை மட்டும் பார்த்தேன். அவன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றான், கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுத்தான். ஆனால் குரல் மாறியிருந்தது. "இஞ்ச தா" என்று கூப்பிட்டான். ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் சீனப் பையன் முதலில் விழித்தான், பிறகு இது ஏதோ புதிய குறிச்சொல் என்று எடுத்துக்கொண்டு கொடுத்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவனுடைய உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. அவன் அங்கே இல்லை என்பது திடலில் எனக்கு மட்டும் தெரிந்தது.

முடிவு நெருங்கியது. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். அவர்கள் கம்பங்களுக்கு எதிரே ஒரு ஸ்க்ரம். பந்து ரவிக்கு வந்தது. அவன் வலது காலில் உதைப்பான் என்று எதிரணிக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் பாய்ந்தார்கள். ரவி அவசரப்படவில்லை. அரை அடி இடப்பக்கம் நகர்ந்தான். பந்தை நழுவவிட்டான். இடது காலால் உதைத்தான்.

நனைந்த பந்து தாழ்வாக, தலைகுப்புறப் புரண்டுகொண்டே போய், குறுக்குக் கம்பிக்கு மேலே போனது.

எல்லாரும் அவனை நோக்கி ஓடினார்கள். மிஸ்டர் ஒலிவேராவும் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் உதை, என் இடது கால், பேரர் பார்க்கில் நகம் பெயர்ந்தது எனக்கு என்றுதான் தோன்றியது.

கூட்டம் விலகியபோது ரவி ஈரப் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து மிஸ்டர் ஒலிவேராவைப் பார்த்து, ஆட்டம் எப்போது தொடங்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவருடைய முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவரும் கூடவே ஏறிப் போனார். சட்டைகளைப் பொறுக்கி எடுக்க ஆள் இல்லாததால் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரவியிடமிருந்து கழற்றிய பத்தாம் எண் சட்டையும் அதில் இருந்தது. போட்டுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

அந்த உதையைப் பார்த்து நாட்டு அணிக்கு ரவியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த வருடம் அவன் திடலில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆள் யார் என்று பார்த்து, என்னைக் கூப்பிட்டார்கள்.

அதைச் சொல்ல மிஸ்டர் ஒலிவேராவே என் ஸ்டோருக்கு வந்தார். அதுவரை அங்கே அவர் வந்ததில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம், போல்ட் வாங்க வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் தேர்வுச் செய்தியைச் சொன்னார். பிறகு, "நான் தப்பான கேள்வியைத் தப்பான மொழியில் கேட்டுவிட்டேன். நீ சரியாகச் சொன்னாய்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போகாமல் நின்றார். ரவி சொன்ன அந்தத் தமிழ் வாக்கியம் என்ன, எனக்குச் சொல்லிக்கொடு என்றார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்ற தொழிலாளி, என்ன நடக்கிறது என்று புரியாமல் தன் ஸ்பேனர் சீட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவத்திலிருந்து யாருக்குத் தலையில் அடிபட்டாலும் கோட்டருகே கூப்பிட்டு, இன்றைக்கு யாரோடு ஆட்டம், போன ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அவனவன் வீட்டு மொழியில் கேட்பார். சீனப் பையன்களின் ஹொக்கியன், மலாய், தமிழ் எல்லாவற்றிலும் உச்சரிப்பு மோசம். ஆனால் பதிலுக்குத் தயங்கினால் அந்த ஆட்டத்தில் அவனை ஆட விடமாட்டார். அந்தப் பெண் பயிற்றுநருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

பயணம் புறப்படுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு ரவியைப் பார்க்கப் போனேன். போக மனமில்லாமல்தான் போனேன். கட்டிலருகே அவன் அம்மா ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். "நீரோ சேவியர்? வாரும். உம்மைப் பற்றித்தான் இவன் எப்பவும் கதைக்கிறவன்" என்று சொல்லி, நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

ரவியின் நெற்றி மஞ்சளும் நீலமுமாக இருந்தது. என் தேர்வுக்கு வாழ்த்துச் சொன்னான். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு, தமிழில் பேசினான். ஆட்டத்தன்று காலை வீட்டில் பல் விளக்கியதிலிருந்து மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததுவரை ஒன்றுமே நினைவில்லை என்றான். வந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த உதையை ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் பாதித் திடலிலிருந்து என்றானாம், இன்னொருவன் ஓடிக்கொண்டே என்றானாம்.

"நீ சொல்லு, சேவியர். நீ என்னையேதான் பாத்துக்கொண்டு இருந்திருப்பாய்" என்றான்.

ஒரு நொடி எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் அவன் குத்திக் காட்டவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான், அவ்வளவுதான். நான் சொன்னேன். ஸ்க்ரம் எங்கே இருந்தது, பந்து எந்த உயரத்தில் வந்தது, யார் யார் பாய்ந்தார்கள், அவன் எப்படி அவசரப்படாமல் நகர்ந்தான் எல்லாம். இடது கால் என்றதும் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"அப்ப அது மெய்தானோ? அவங்கள் பகிடி விடுறாங்கள் எண்டு நினைச்சன்."

"மெய்தான். இடது கால்தான். பேரர் பார்க்ல நான் அடிக்கிற மாதிரியே" என்றேன். குரலில் இருந்ததை மறைக்க முடியவில்லை.

அவன் போர்வையைத் தடவிக்கொண்டே சொன்னான். "உன்னைப் பாத்திட்டுப் போய் நானும் பழகினனான். கிளமெண்டியில, வீட்டுக்குப் பக்கத்துத் திடல்ல, ஒருத்தருக்கும் தெரியாமல். உன்ர இடது காலைப் பாத்தால் எனக்கு அவ்வளவு எரிச்சல் வரும். ஒருநாளும் சரியா வரேல்ல, சேவியர். ஒருக்காக்கூட." பிறகு, "வந்த ஒரு நாளும் நான் இல்லை. நீ இருந்தனி" என்றான்.

எல்லாம் இருப்பவன் என்று நான் நினைத்தவன், என் நகம் பெயர்ந்த காலைப் பார்த்து ஏங்கியிருக்கிறான். அதைக் கேட்டதும் என் பொறாமை ஓடிப்போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. இனி அவனும் நானும் ஒரே நோய்க்காரர்கள் என்று தெரிந்தது, அவ்வளவுதான். இன்னொரு தடவை சொல்லு என்றான். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

நாட்டு அணியோடு போனேன். சில ஆட்டங்கள் ஜெயித்தோம், சிலவற்றில் தோற்றோம். என் ஆட்டம் மோசமில்லை என்றார்கள். திரும்பி வந்த பிறகும் எங்கள் தளத்தின் பத்தாம் சட்டை பல பருவங்கள் என்னிடம்தான் இருந்தது. மிஸ்டர் ஒலிவேராவிடமிருந்து வாரம் ஒரு புது வாக்கியமும் கிடைத்தது. ரவி மறுவருடம் பயிற்சிக்கு வந்து பார்த்தான். கொஞ்சம் ஓடினாலே தலைவலி வந்தது. விட்டுவிட்டான். ஆனால் நான் ஒரு பந்தைத் தவறவிட்டால், ரவியாக இருந்தால் இந்நேரம் என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. ஆடாதவன் தப்பே செய்வதில்லை. அவனோடு போட்டி போடுவதைவிட அவன் இல்லாத இடத்தோடு போட்டி போடுவது கடினமாக இருந்தது. எண்பதுகளின் நடுவில் தளத்தில் வேலை குறைந்தது, அணியைக் கலைத்தார்கள். நான் பள்ளிகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கப் போய், அதிலேயே ஓய்வும் பெற்றேன்.

ரவி இன்னும் கிளமெண்டியில்தான் இருக்கிறான். வேலையில் பெரிய நிலைக்குப் போய் ஓய்வு பெற்றான். தீபாவளிக்கு நாங்கள் அவன் வீட்டுக்குப் போவோம், கிறிஸ்துமஸுக்கு அவன் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வரும். சாப்பாடு முடிந்து பெண்கள் எழுந்து உள்ளே போனதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒருக்காச் சொல்லன்" என்பான். எதை என்று நான் கேட்பதில்லை. சோபாவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு எழுந்து நின்று காட்டுவேன். கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. பந்து கம்பிக்கு மேலே போனதும் நான் நிறுத்திவிடுவேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வையில் இருப்பது ஆஸ்பத்திரியில் கண்ட அதே நோய்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அவனை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.